கிழிக்கிற காலண்டரில் இருக்கிறது வானம்

ஒரு மாசி மாதச் சாயங்காலம். காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு வந்த அக்கா மகள், மேற்கே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, அந்த ஸ்டார் நேத்து நிலாவுக்கு மேல இருந்துச்சு. இன்னைக்கு எப்படிக் கீழ போச்சு?"

ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் கண்ணில் பட்டது சரிதான். முந்தின நாள் மெல்லிய பிறைக்கு மேலே வெள்ளி இருந்தது. இன்று பிறை கொஞ்சம் தடித்து, வெள்ளியைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. வெள்ளி கீழே போகவில்லை, நிலாதான் ஒரே நாளில் அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது.

வானம் பார்க்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. நட்சத்திரக் கூட்டங்களைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம். மலைக்கிராமத்து இருட்டும் வேண்டாம். நிலாவும் பிரகாசமான கோள்களும் தெருவிளக்குக்கு நடுவிலும் தெரியும். கருவி என்று பார்த்தால், வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒன்று தொங்குகிறது: தினமும் கிழிக்கிற காலண்டர்.

அந்தத் தாளில் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் திதி, நட்சத்திரம் என்று இரண்டு சொற்கள் இருக்கும். முகூர்த்தம் பார்க்கிறவர்களுக்கு என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். உண்மையில் அவை இரண்டும் சேர்ந்து நிலாவின் முகவரி. சூரியனிலிருந்து நிலா எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது திதி. எந்த விண்மீன்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது நட்சத்திரம். பலன்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. இந்த இரண்டும் வெறும் கணக்கு, மாடிக்குப் போய்ச் சரிபார்த்துவிடலாம்.

சரிபார்க்க அளவுகோல் வேண்டுமே? கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அந்த முஷ்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. விரல்களை விரித்துச் சாண் பிடித்தால் 20. சுண்டுவிரலின் அகலம் 1. நிலாவோ அரைப் பாகைதான், நீட்டிய கையின் சுண்டுவிரல் நகம் அதை மறைத்துவிடும். தாம்பாளம் மாதிரி கிழக்கே எழும் பௌர்ணமி நிலாவையும் அதே நகம் மறைக்கும். அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிவது நம் மூளை செய்கிற வேலை. சொன்னால் யாரும் நம்புவதில்லை, செய்து பார்த்த பிறகும் பாதிப்பேர் நம்புவதில்லை.

ஒரு திதி என்பது 12 பாகை, அதாவது ஒரு முஷ்டியும் கொஞ்சமும். அமாவாசை அன்று நிலா சூரியன் இருக்கும் திசையிலேயே இருக்கிறது, அதனால் தெரியாது. அதன்பின் நாளுக்கு ஒரு முஷ்டி போலக் கிழக்கே விலகிக்கொண்டே போகும். 15 திதியில் 180 பாகை விலகி நேர் எதிரே வந்துவிடும். அதுதான் பௌர்ணமி, ஒருபக்கம் சூரியன் விழ மறுபக்கம் நிலா எழும். இப்படிக் கிழக்கே போவதால்தான் நிலா நாளுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. வளர்பிறை அஷ்டமி நிலா மதியம் எழுந்து, சூரியன் மறையும்போது உச்சியில் நின்று, நள்ளிரவில் மறையும். தேய்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவில்தான் எழும், காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தலைக்கு மேல் வெளிறிப்போய் நிற்கும். இது தெரிந்துவிட்டால், 'இன்னைக்கு நிலாவைக் காணோமே' என்று எட்டு மணிக்கு மாடியில் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சரி, நிலா ஏன் தேய்கிறது? பூமியின் நிழல் விழுவதால் என்று படித்தவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது கிரகணத்தில் மட்டும் நடப்பது. சந்தேகம் இருந்தால் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, வளர்பிறை சப்தமி அல்லது அஷ்டமி அன்று மாலை நாலு மணிக்கு மாடிக்குப் போங்கள். மேற்கே வெயில் இருக்கும், கிழக்குப் பக்கம் உயரத்தில் பாதி நிலா இருக்கும். கையை நீட்டிப் பழத்தை நிலாவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பழத்தின் எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் நிழல் என்று பாருங்கள். நிலாவில் இருக்கிற அதே கோடு பழத்திலும் இருக்கும். இரண்டின் மேலும் விழுவது ஒரே சூரியனின் வெயில், இரண்டையும் நாம் ஒரே கோணத்திலிருந்து பார்க்கிறோம். நிலாவில் எப்போதும் பாதி வெயில், பாதி இருட்டு. வெயில் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை. நம் பூமியின் நிழல் அந்த நேரம் சூரியனுக்கு எதிர்த்திசையில் எங்கோ கிடக்கிறது.

மூன்றாம் பிறையைப் பார்த்துக் கும்பிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்றும் சொல்வார்கள். நான் இரண்டையும் விடாமல் பார்க்கிறேன், பாடு வழக்கமான அளவுதான். அந்த நாட்களில் பிறையின் மெல்லிய கீற்றை விட்டுவிட்டு மீதி வட்டத்தைக் கவனியுங்கள். இருட்டாக இருக்க வேண்டிய பகுதி சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது பூமியிலிருந்து பட்டுத் திரும்பிய வெளிச்சம். நமக்கு நிலா மெல்லிய பிறையாக இருக்கும்போது, நிலாவில் நிற்பவருக்குப் பூமி ஏறக்குறைய முழு வட்டமாகத் தெரியும். நம் கடலும் மேகமும் அங்கே நிலவொளி வீசிக்கொண்டிருக்கும். இதைச் சரியாக விளக்கியவர் லியனார்டோ டா வின்சி, டெலஸ்கோப் வருவதற்கு நூறு வருடம் முன்பு.

நம் ஊரில் மாசி, பங்குனிப் பிறை கிட்டத்தட்டத் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் மாலையில் நிலாவின் பாதை அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழுகிறது, சூரியன் பிறைக்கு நேர் கீழே மறைகிறது. ஒளிபட்ட பக்கம் எப்போதும் சூரியனைப் பார்க்கும் என்பதால் தோணியின் அடிப்பாகம் மின்னுகிறது. ஐரோப்பியக் கதைப் புத்தகங்களில் பிறை நின்றுகொண்டிருப்பது அவர்கள் ஊர்க் கோணம்.

இப்போது ஒரு பைனாகுலர். 10×50 என்று போட்டிருந்தால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று பொருள். தொடங்குகிறவருக்கு அது போதும். கையில் பிடித்தால் படம் ஆடும், முழங்கைகளைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். சூரியன் முழுக்க மறைகிறவரை மேற்கே திருப்பாதீர்கள். ஒரு நொடி சூரியன் பட்டாலும் கண் போய்விடும்.

பௌர்ணமிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நிலாவைப் பார்க்க மோசமான நாள் பௌர்ணமிதான். நேர் முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுத்த முகம் மாதிரி, மேடு பள்ளம் எதுவும் தெரியாது. பார்க்க வேண்டியது பஞ்சமியிலிருந்து தசமி வரை, அதிலும் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டின் ஓரத்தில். வளர்பிறையில் அந்தக் கோட்டில் அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கிறது. சாய்வான வெயிலில் சின்னக் குழிக்கும் நீள நிழல் விழும். அஷ்டமி, நவமி வாக்கில் கோட்டின் நடுப்பகுதியில் டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், ஆர்சாகல் என்ற மூன்று பெரும்பள்ளங்கள் வரிசையாகத் தெரியும், பைனாகுலருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலாவது மட்டும் 150 கிலோமீட்டருக்கு மேல் அகலம்.

கோட்டுக்கு அந்தப் பக்கம், இருட்டுக்குள்ளே, தனியாக ஒரு வெளிச்சப் புள்ளி சில நேரம் மின்னும். முதலில் லென்ஸில் தூசி என்று நினைத்து நான் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தூசி இல்லை, மலையுச்சி. விடியற்காலையில் சன்னிதித் தெரு இன்னும் இருட்டாக இருக்கும்போதே கோபுரக் கலசத்தில் வெயில் பட்டுவிடும் இல்லையா, அதேதான். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தப் புள்ளி பெரிதாகியிருக்கும். நிலாவின் நடுக்கோட்டில் விடியல் நகரும் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவு, சைக்கிள் மிதித்தே அதோடு கூடப் போய்விடலாம். 1610-இல் வெளியிட்ட நூலில் கலிலியோ இந்தப் புள்ளிகளை வைத்துத்தான் நிலாவின் மலைகளுக்கு உயரம் கணக்கிட்டார்.

சந்திரயான் 3 இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 மாலை, அன்று வளர்பிறை சப்தமி. நாளைத் தேர்ந்தெடுத்தது திதி பார்த்து அல்ல, அந்த இடத்தில் அப்போதுதான் காலை வேளை என்பதால். நிலாவின் ஒரு பகல் நம் கணக்கில் 14 நாள், அந்தப் பகல் முழுவதும் லேண்டருக்குச் சூரிய மின்சாரம் கிடைக்க வேண்டும். இன்றைக்கும் மாதாமாதம் வளர்பிறை பஞ்சமி, சஷ்டி வாக்கில் அங்கே மறுபடி விடிகிறது.

கோடு தாண்டிப் பரந்து கிடக்கும் கருந்திட்டுகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளிகள். பழைய ஆட்கள் கடல் என்று நினைத்ததால் இன்னும் கடல் என்றே பெயர். நமக்கு அவை முயல், அல்லது வடை சுடும் பாட்டி. 1969-இல் அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடல், முயலின் தலை.

அடுத்தது காலண்டரின் இரண்டாவது சொல். நிலா விண்மீன்களுக்கு நடுவே ஒரு சுற்று முடிக்க 27 நாளும் சில மணி நேரமும் ஆகும், அதனால்தான் 27 நட்சத்திரம், நாளுக்கு ஒரு வீடு. காலண்டரில் ரோகிணி என்று போட்டிருந்தால், அன்று இரவு நிலாவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் இருக்கும், அது ரோகிணி. அதே போல மகம், சித்திரை, கேட்டை. நகரத்து வானத்திலும் தெரிகிற பிரகாசம் இந்த நாலுக்கும் உண்டு. காலண்டர்க் கணக்கு வானத்தை 27 சம பங்காக வெட்டுவதால், கேட்டை போன்ற சிலவற்றுக்கு நாள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

நம் பண்டிகைகளில் பல இந்தப் பொருத்தங்கள்தான். சித்ரா பௌர்ணமி அன்று முழுநிலா சித்திரை மீனுக்குப் பக்கம். மாசி மகத்தில் மக மீனுக்குப் பக்கம். கார்த்திகை தீபத்தன்று, அகல் ஏற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், நிலாவின் கண்கூச்சத்துக்கு அருகே கார்த்திகைக் கொத்து. கும்பகோணம் மகாமகத்தில் கூடுதலாக ஒன்று சேர வேண்டும்: வியாழன் சிம்ம ராசிக்கு வர வேண்டும். வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு ஆவதால்தான் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒன்று. 2016 பிப்ரவரி 22 மகாமகத்தன்று இரவு முழுநிலா மக மீனை ஒட்டி நின்றது, அதற்குக் கிழக்கே ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி வியாழன். லட்சக்கணக்கானவர்கள் குளத்தில் முங்கினார்கள், மேலே பார்த்தவர்கள் எத்தனை பேரோ. அடுத்தது 2028.

இங்கேதான் முக்கியமான விஷயம். நிலா நடக்கிற அதே தெருவில்தான் கோள்களும் நடக்கின்றன. சூரியனைச் சுற்றும் கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தட்டில் சுற்றுகின்றன, நிலாவின் பாதை அந்தத் தட்டுக்கு 5 பாகைதான் சாய்வு. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அதனால் கோயிலில் ஒன்பது கிரகத்தைச் சுற்றினாலும் வானத்தில் அந்த இரண்டைத் தேட வேண்டாம். சூரியனையும் நிலாவையும் கழித்தால் மிச்சம் ஐந்து. ஒரு மாதம் நிலாவோடு நடந்தால் அந்த ஐந்தில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் அது வழியில் அறிமுகப்படுத்திவிடும்.

இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இந்தத் தெரு நமக்குத் தலைக்கு மேலே போகிறது. சென்னையில் எந்தக் கோளும் தெற்கு உச்சியைக் கடக்கும்போது 50 பாகைக்கு ரொம்பக் கீழே போகாது. லண்டனில் அதே கோள் சில ஆண்டுகளில் 15 பாகை உயரம்தான் ஏறும், வீட்டுக்கூரையோடு முடிந்துவிடும்.

நிலாவுக்குப் பக்கத்தில் ஒரு பிரகாசமான புள்ளி. விண்மீனா, கோளா? மினுக்கினால் விண்மீன், நிதானமாக எரிந்தால் கோள். விண்மீன் எவ்வளவு பெரியதானாலும் தூரத்தால் ஒரு புள்ளியாகத்தான் தெரியும், அசையும் காற்று அந்தப் புள்ளியை அங்குமிங்கும் தள்ளிவிடுகிறது. கோள் ஒரு சின்ன வட்டம், ஒரு பக்கம் அணைந்தால் இன்னொரு பக்கம் ஈடுகட்டிவிடும். அடிவானத்தை ஒட்டி இருந்தால் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், அங்கே வெள்ளியே மினுக்கும்.

வெள்ளியைக் கண்டுபிடிக்கக் குறிப்பே தேவையில்லை. சாயங்காலம் மேற்கே அல்லது விடியற்காலை கிழக்கே, விமானத்தின் விளக்கு நின்றுவிட்டதோ என்று தோன்ற வைப்பது எதுவோ அதுதான். கடிகாரம் இல்லாத காலத்தில் 'வெள்ளி முளைச்சாச்சு' என்று சொல்லித்தான் ஏர் பூட்டக் கிளம்பினார்கள். நள்ளிரவில் ஒருநாளும் தெரியாது. நம்மைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் சுற்றுவதால் அதைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது, நாலரை முஷ்டி. நிலா மாதிரியே அதற்கும் பிறை உண்டு. மாலை வெள்ளியாக இருந்து மறையப்போகும் கடைசி வாரங்களில் பைனாகுலரிலேயே குட்டிப் பிறையாகத் தெரியும், அதுவும் வானம் முழுக்க இருட்டுவதற்கு முன்பு பார்த்தால்தான், பிறகு கண் கூசும்.

அடுத்த பிரகாசம் பெரும்பாலும் வியாழன். குருப்பெயர்ச்சி என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போடுகின்றனவே, அதில் வானம் பார்க்கிறவருக்குத் தேவை ஒரே வரி: குரு இப்போது எந்த ராசி. வருடத்துக்கு ஒரு ராசி. நிலா அந்த ராசிக்கு வருகிற நாளில் பக்கத்தில் நிற்பது வியாழன். பைனாகுலரை ஊன்றிப் பிடித்துப் பாருங்கள். வட்டமான வெண்புள்ளிக்கு இருபுறமும் ஒரே கோட்டில் பொடிப்பொடியாக இரண்டு, மூன்று, நாலு புள்ளிகள்: அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ. 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ மூன்றைத்தான் பார்த்தார், விண்மீன்கள் என்றே நினைத்தார். மறுநாள் இடம் மாறியிருந்தன. 13-ஆம் தேதி நாலாவது கிடைத்தது. எல்லாமே பூமியைச் சுற்றவில்லை என்று கண்ணால் கண்ட சாட்சி அது. அயோ ஒரு சுற்றை இரண்டு நாளுக்குள் முடித்துவிடும், வியாழனுக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு மணி நேரத்திலேயே வியாழனின் விட்டத்தில் ஏறக்குறைய பாதி தூரம் நகர்ந்துவிடும். சின்ன டெலஸ்கோப்பில் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பார்த்தால் வித்தியாசம் தெரியும். 40 மடங்கு பெருக்கினாலே வெறுங்கண்ணில் தெரிகிற நிலா அளவுக்கு வியாழன் வந்துவிடும்.

சனி அவ்வளவு பளிச்சென்று இருக்காது, மஞ்சள் கலந்த அமைதியான புள்ளி. ஒரு ராசியில் இரண்டரை ஆண்டு இருப்பதால் ஒருமுறை கண்டுபிடித்தால் நெடுநாள் அங்கேயே கிடைக்கும். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சில், வாக்கியப் பஞ்சாங்கப்படி அடுத்த ஆண்டுதான் என்று வந்த குழப்பம் நினைவிருக்கலாம். டெலஸ்கோப்பில் பார்த்தால் சனி இருக்கிற இடத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். வளையத்துக்கு 30 மடங்காவது வேண்டும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பாகத் திரும்பி ஒரு கோடாக மெலிந்தது, அதற்குப் பின் ஆண்டுக்கு ஆண்டு விரிகிறது.

செவ்வாய் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் ஆட்டம் காட்டும். 2025 ஜனவரியில் காட்டியது, அடுத்து 2027 பிப்ரவரி. மற்ற நாட்களில் சாதாரணச் செம்மீன், கேட்டையோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. புதன் சூரியனை விட்டு மூன்று முஷ்டிகூட விலகாது, அந்தி வெளிச்சத்திலேயே வந்து போய்விடும். 'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்பதில் பொன் என்பது பொன்னவனாகிய வியாழன், புதன் என்பது இந்தக் கோள் என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது கிழமையைப் பற்றியதாகவே படுகிறது, ஆனால் புதனைத் தேடி மூன்று சாயங்காலம் தோற்ற பிறகு அந்த விளக்கம் ரொம்பப் பொருத்தமாகத் தோன்றியது.

டெலஸ்கோப் வாங்கத் தோன்றினால், பெட்டியில் '500 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டதை வாங்காதீர்கள். நான் வாங்கி ஏமாந்தேன், மூன்றுகால் ஸ்டாண்டு காற்றடித்தாலே ஆடியது. முன்கண்ணாடியின் மில்லிமீட்டரை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் உருப்படியான எல்லை: 70-க்கு 140. ஸ்டாண்டு அசையாமல் இருப்பதுதான் முதல் தகுதி. செல்போனில் ஸ்டெல்லேரியம் போன்ற செயலி இருந்தால் கடைசியில் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே திறந்தால் வானத்தைப் பார்ப்பதற்குப் பதில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் பொறுமை சோதிக்கப்படும், தை முதல் சித்திரை வரை வானம் கைகொடுக்கும்.

அக்கா மகள் அன்று முதல் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைய ஆரம்பித்தாள். நிலா எங்கே, பிறை எவ்வளவு தடிமன், பக்கத்தில் எது. பிறகு வியாழனும் நாலு புள்ளிகளும். பதினொரு தாள் சேர்ந்தது. பன்னிரண்டாவது நாள் மாடிக்கு வந்து, "மாமா, அம்மா அதுல முறுக்கு மடிச்சுப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாங்க" என்றாள். அயோ இருந்த தாள் மட்டும் எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது.